இருபது பைசா மை

எங்க அக்கா எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு கடை வைத்திருந்தாள். கடை என்றால் பலகையும் படுதாவும் கிடையாது. ஒரு பிரில் மை பாட்டில், ஒரு ஃபில்லர், பாதி உடைந்த பிளேடு, கரும்பலகைக்கு அடியில் பொறுக்கிய சாக்பீஸ் துண்டுகள், பழைய நோட்டில் கிழித்த தாள்கள். அவ்வளவுதான் முதல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு கல் கிடக்கும். காலையில் பிரேயர் மணி அடிக்கிறவரை அதுதான் அவள் கடை. நான் ஆறாவது. பாட்டில் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போவதும் சில்லறையை எண்ணி டவுசர் பையில் போடுவதும் என் வேலை. வருஷம் 1996. ஊர் சிவகிரி.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில், மேற்குமலை அடிவாரத்தில் இருக்கிறது சிவகிரி. அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019இலிருந்து தென்காசி மாவட்டம். ஒரு காலத்தில் ஜமீன். குன்றின் மேல் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். மலைத் தண்ணீரில் நெல், தோட்டங்களில் எலுமிச்சை. நிலம் யாருடையது, அதில் குனிகிற முதுகு யாருடையது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்க அம்மா நடவுக்குப் போவாள். நடவு இல்லாத நாளில் எலுமிச்சை பொறுக்கப் போவாள். ராத்திரி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். அதில் வருகிற காசு அரிசிக்குத்தான் காணும். நோட்டுக்குக் காணாது. அக்கா கடை வைத்தது அதற்காகத்தான்.

முதலில் அவள் விற்கப் பார்த்தது மையல்ல. நெல்லிக்காயும் கொடுக்காப்புளியும் கொண்டுவந்தாள். உப்பும் வத்தப்பொடியும் ஒரு தாளில் மடித்து வைத்திருப்பாள். எங்க தெருப் பிள்ளைகள் வாங்கினார்கள், கடனுக்கு. ஊர்ப்பிள்ளைகள் தள்ளி நின்று எச்சில் முழுங்கினார்கள். ஒருத்தி மட்டும் துணிந்து ஒரு நெல்லிக்காய் வாங்கித் தின்றுவிட்டாள். யாரோ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சாயந்தரம் அவளுடைய ஆச்சி வந்து, பள்ளிக்கூட வாசலிலேயே அவளை வாய் கொப்பளிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்களைப் பார்க்கவேயில்லை.

அன்றைக்கு ராத்திரி அக்கா சொன்னாள்: "நம்ம கையால குடுக்கிற திங்கிற சாமான் ஓடாதுலே. திங்காத சாமானாப் பாக்கணும்."

அம்பேத்கர் தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு கிடக்க வேண்டும். தண்ணீருக்கு இருக்கிற தீட்டு மைக்கு இல்லை என்று கண்டுபிடித்தவள் எங்க அக்கா. அவள் அப்போது அம்பேத்கரைப் படித்ததில்லை. எங்க தெருவில் யாருமே படித்ததில்லை. படம்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் பால்பாயிண்ட் பேனா வைத்திருந்தால் வாத்தியார் பிடுங்கிவிடுவார். கையெழுத்து கெட்டுப்போகுமாம். எல்லாருக்கும் மைப்பேனாதான். கடைத்தெருவில் ஒரு பேனாவுக்கு மை ஊத்த நாலணா. அக்கா இருபது பைசா வைத்தாள். ஒரு பாட்டில் நாற்பது, நாற்பத்தைந்து பேனாவுக்குக் காணும். மை ஊத்துகிறதோடு நிப்பையும் கழற்றி, நடுக்கீறலில் பிளேடு முனையை ஓட்டிச் சுத்தம் செய்து கொடுப்பாள். அதற்குக் காசு கிடையாது. ஊர்ப்பிள்ளைகள் பேனாவைக் கல்லின் மேல் வைப்பார்கள். அக்கா எடுத்து ஊத்தித் திரும்பக் கல்லின் மேல் வைப்பாள். காசும் கல்லின் மேல்தான். கைக்குக் கை கிடையாது. ஆனாலும் வந்தார்கள்.

நடுவில் ஒரு புரளி கிளம்பியது. 'அவ மையில அவங்க தெருத் தண்ணியக் கலக்கிறா' என்று. ஒரு வாரம் ஒரு பேனா வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அக்கா புதுப் பாட்டில் வாங்கிவந்து, பிரிக்காமல் கல்லின் மேல் வைத்து, எல்லாரும் பார்க்க ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தனை விட்டு மூடியைத் திறக்கச் சொன்னாள். அவன் ஊர்ப்பையன். திறந்தான். கூட்டம் திரும்ப வந்துவிட்டது. இதையெல்லாம் இப்போது வியாபாரம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்வி. எங்க அக்காவுக்கு அதைத் தீட்டு சொல்லிக்கொடுத்தது.

இனிமேல்தான் நான் சொல்லவந்தது.

மை ஊத்தியதும் பேனா ஓடுகிறதா என்று எழுதிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பழைய தாள்கள். யார் எழுதிப் பார்த்தாலும் முதலில் சொந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். அக்கா வேண்டாம் என்பாள். "பேர எழுதாத. பேரு எங்க வேணா எழுதலாம். மனசுல கிடக்கிற எதாச்சும் ஒண்ண எழுது" என்பாள். முதலில் விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். 'கணக்கு வராது' என்று ஒருத்தன் எழுதினான். 'இன்னைக்கு அடி இருக்கு' என்று ஒருத்தி. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக வேறு மாதிரி வர ஆரம்பித்தது. 'அப்பா நேத்தும் வரல.' 'அக்காவ எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டாக.' 'லீவுல முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பப் போறாகளாம்.' ஒரு பெண்பிள்ளை ஒன்றும் எழுதாமல் தாள் முழுக்கக் கோடு கோடாய் இழுத்துவிட்டுப் போனாள்.

அக்கா அதைப் படித்துவிட்டு ஒன்றும் பெரிதாய்ச் சொல்ல மாட்டாள். அறிவுரை அவளுக்கு வராது. எழுதின ஆளை ஒரு தடவை பார்ப்பாள். "நாளைக்கும் வா. மை இருந்தாலும் வா" என்பாள். சில பேருக்கு அது போதுமாயிருந்தது. பேனாவில் மை முழுசாய் இருக்கும், ஆனாலும் வந்து நிற்பார்கள். அக்கா நிப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பாள். அந்தச் சாக்கில் அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். கணக்கு வராதவனைக் கணக்கு வருகிற எங்க தெருப் பையனோடு கோர்த்துவிட்டாள். கோடு இழுத்த பிள்ளைக்கு என்ன செய்தாள் என்று எனக்கு அப்போது சொல்லவில்லை. பெரியவனான பிறகு ஒரு நாள் சொன்னாள். பழைய துணி மடித்துக் கொடுத்தாளாம், எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாளாம். அந்தப் பிள்ளை ஊர்ப்பிள்ளை. அந்தத் துணியை மட்டும் கைக்குக் கை வாங்கிக்கொண்டாளாம்.

எழுதின தாள்களை அக்கா மடித்து என்னிடம் கொடுப்பாள். சாயந்தரம் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும்போது அதைப் போட்டு எரித்துவிட வேண்டும். "எரிச்சிருவேன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் அவர்கள் எழுதினார்கள். பேனாவுக்கு மை கடைத்தெருவிலும் கிடைக்கும். எரித்துவிடுகிற ஆள் கிடைப்பாளா?

நான் எரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படித்தேன். அதுதான் நான் செய்த வேலை.

1997 வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்திதான், 1995 ஆகஸ்டில், கொடியங்குளம். அந்தப் பயம் எங்க தெருவிலிருந்து போகவேயில்லை. 97 மே மாதம் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று மாண்டவர், நம்ம ஆள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கல் பறந்தது. தென்மாவட்டமே பற்றி எரிந்தது. கடைசியில் ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசாங்கம் எடுத்துவிட்டது. ஒரு பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயரும் போனது.

அந்த ஜூன், ஜூலையில் அக்காவின் தாள்களில் வந்ததெல்லாம் ஒரே கவலைதான். 'பஸ் ஓடல.' 'அப்பா வேலைக்குப் போகல.' 'ராத்திரி அம்மா எங்களத் தூங்க விடல.' பெயர் இல்லாததால் எது எந்தத் தெருப்பிள்ளை எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்து தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதையேதான் எழுதியிருந்தார்கள். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்.

அந்த ஆகஸ்டில் ஒரு தாள் வந்தது. மூன்று சொல். 'வெள்ளிக்கிழமை எனக்குப் பிடிக்கல.'

எழுதியவன் அருந்ததியர் தெருப் பையன். என் வகுப்பு. அவங்க தெரு எங்க தெருவுக்கும் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். எங்களை ஊர் எந்த இடத்தில் வைத்ததோ அதே மாதிரி ஓர் இடத்தில் நாங்கள் அவர்களை வைத்திருந்தோம். இதை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு இலக்கிய மன்றம். பாட்டு, பேச்சு, நாடகம். அந்தப் பையன் நல்லாப் பாடுவான். ஆனால் அவனை ஒரு தடவைகூட மன்றத்தில் நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பீரியடில் அவனையும் அவன் தெருவிலிருந்து வருகிற இன்னும் இரண்டு பையன்களையும் கக்கூஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள். எந்தக் கால அட்டவணையிலும் அது எழுதியிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். முடித்துவிட்டு அவன் வந்து உட்காரும்போது பக்கத்திலிருக்கிறவன் நகர்ந்துகொள்வான். நானும் நகர்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு அந்த மூன்று சொல்லே போதுமாயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, அம்மா பொறுக்கிவந்த எலுமிச்சையில் ஒன்றைக் கொண்டுவந்து, அவன் பேனாவோடு சேர்த்துக் கொடுத்தாள். "வேலை முடிஞ்சதும் கையில தேச்சிக் கழுவு. வாடை போயிரும்" என்றாள். அவன் எலுமிச்சையை வாங்கி மோந்து பார்த்துச் சிரித்தான். பிறகு வந்த வெள்ளிக்கிழமையும் ஓர் எலுமிச்சை. அதற்கு மேல் அவளுக்கு என்ன செய்ய என்று தெரியவில்லை. பதினாலு வயசு.

எனக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது. எங்க மாமா அப்போது இயக்கத்தில் இருந்தார். அவரிடம் போய் ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். எரிக்காமல் வைத்திருந்த அந்தத் தாளையும் கொடுத்தேன். மாமா கொதித்துப்போனார். மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து நியாயம் கேட்டார். அவர் கேட்டது சரி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அந்தப் பையனை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "யார்ட்டல சொன்ன?" என்று கேட்டார்கள். "நான் யார்ட்டயும் சொல்லல சார்" என்றான். உண்மைதான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. நிப்பு ஓடுகிறதா என்று எழுதித்தான் பார்த்தான். "அப்ப அங்க நீ கக்கூஸ் கழுவலையா?" என்று மாமா கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றான். மாமா கையிலிருந்த தாள் அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர்கள் போனபிறகு தாள் எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். தேட வேண்டிய தூரம் வேப்பமரம் வரைதான். வாத்தியார் ஒருத்தர் வந்து அக்காவின் பாட்டிலைக் காலால் தட்டிவிட்டார். "பிள்ளைககிட்ட பெட்டிசன் எழுதி வாங்குறியா? ஊரு இருக்கிற இருப்புல பள்ளிக்கூடத்துக்குள்ள கலவரத்த உண்டாக்கப் பாக்கியா?" என்றார். மை மண்ணில் ஓடியது. அக்கா குனிந்து, அதில் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்தாள். பேனாவிலிருந்து மை சிந்தினால் அப்படித்தான் வைப்பாள். கை பழக்கம். அது நீலமாய் ஊறிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவளை வெளியே போகச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து "போதும்" என்றார். அக்காவின் படிப்பு ஒன்பதாவதில் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அம்மாவோடு தோட்டத்துக்குப் போனாள். அந்தப் பையனுடைய அப்பா வேலை பார்த்த வீட்டில், இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவன் இடம் காலி. வெள்ளிக்கிழமை மிச்சம் இரண்டு பையன்களும் வழக்கம்போல எழுந்து போனார்கள். எங்க தெருப் பெரியவர்கள் மாமாவைப் பிடித்துத் திட்டினார்கள்: "அவன் சோலி நமக்கு எதுக்கு? அவங்க தெரு வேற, நம்ம தெரு வேற." மாமா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா என்னை அடிக்கவில்லை. ராத்திரி தீப்பெட்டி ஒட்டும்போது கேட்டாள்: "எல்லாத்தையும் படிச்சியாலே?"

நான் பேசவில்லை.

"எரிக்கத்தானல சொன்னேன்" என்றாள். அதோடு சரி.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் படித்து, வேறொரு மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியனாக இருக்கிறேன். அக்கா எங்க தெரு முக்கில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். மிட்டாய், பீடி, ஷாம்பு, சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். இப்போது ஊர்க்காரர்களும் வந்து வாங்குகிறார்கள். பாக்கெட்டில் அடைத்து வருகிற சாமானுக்குத் தீட்டில்லை. பிரிக்காத மை பாட்டிலில் அக்கா கண்டதுதான்.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்ததை எல்லாரும் போனில் பார்த்தோம். பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன நம்ம பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனிமேல் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் நிற்கிறார்கள். வீடியோ பரவியது, கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே நிறுத்துகிற அந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். "வீட்ல போயி அந்தப் பிள்ளைக என்னன்னு சொல்லியிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அதே வருஷம் எங்க ஆசிரியர் அறையில் ஒருத்தர் வேறொரு வீடியோ காட்டினார். குருகிராமைச் சேர்ந்த 13 வயதுப் பெண் அனுஷ்கா ஜாலி, 'ஷார்க் டேங்க் இந்தியா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிற்கிறாள். பள்ளியில் சக மாணவர்கள் செய்கிற கொடுமையைப் பெயர் சொல்லாமல் தெரிவிக்க 'கவச்' என்று ஒரு செல்போன் செயலி செய்திருக்கிறாள். முதலாளிகள் 50 லட்சம் ரூபாய் போடுகிறோம் என்றார்கள். நல்ல பிள்ளை. அவள் நினைத்தது நல்லது. எனக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிடலாம் என்பது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தாது. எங்க பக்கம் பெயர் இல்லாவிட்டாலும் சங்கதியைப் படித்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். 'வெள்ளிக்கிழமை பிடிக்கவில்லை' என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர்தான் எழுத முடியும்.

அந்தக் கக்கூஸும் பழைய கதையில்லை. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார்.

பிறகு நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்புப் பையன். கூடப் படிக்கிறவர்கள் செய்த கொடுமை தாங்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அவன் சொன்னான். சொன்னதற்கு அன்றைக்கு ராத்திரியே வீடு தேடி அரிவாள் வந்தது. அவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினார்கள். அந்தப் பையன் பிழைத்து, 2024இல் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மார்க் எடுத்தான். அந்த மார்க்கை எல்லாரும் கொண்டாடினோம். நானும் கொண்டாடினேன். ஆனால் எனக்குத் தூக்கத்தில் வந்தது அந்த மார்க் அல்ல. ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்வதற்கும் அரிவாள் வருவதற்கும் நடுவில் சில மணி நேரம்தான் இருந்தது என்பது. அந்தச் சில மணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் யார் நின்றார்கள்?

அதற்குப் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. கையில் கலர்க் கயிறு, நெற்றியில் அடையாளம் எல்லாவற்றையும் தடுக்க வேண்டும். பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்க வேண்டும். அந்தந்த வட்டாரத்தில் பெரும்பான்மையாக இருக்கிற சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அதிகாரியாகவும் தலைமையாசிரியராகவும் போடக் கூடாது. 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும். கயிற்றைப் பற்றித்தான் தொலைக்காட்சியில் சண்டை போட்டார்கள். எனக்கு முக்கியமாய்ப் பட்டது கடைசி இரண்டும்தான். பிள்ளை எழுதிப் போடுகிற தாளை எந்தக் கை பிரிக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கவலையை எழுதிப் போடலாம். 14417, 1098 என்ற எண்களுக்குப் போன் பண்ணியும் சொல்லலாம். எங்கள் பள்ளியில் அந்தப் பெட்டியின் சாவி வைத்திருக்கிறவர்களில் நானும் ஒருத்தன். சாவியை வாங்கின அன்றைக்கு அக்காவுக்குப் போன் பண்ணினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாய்க் கேட்டேன்: "நான் அன்னைக்கு மாமாட்டச் சொன்னது தப்பாக்கா?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. கடையில் யாரோ சில்லறை கொடுப்பது கேட்டது.

"சொன்னது தப்பில்லலே. எத்தன நாளைக்கு எலுமிச்சங்காய்க் குடுத்துட்டுக் கெடக்க முடியும்? ஆனா அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவன் கவலய அவன்ட்ட கேக்காம எடுத்துட்டுப் போன. அவன் அப்பனுக்கு வேல போயிரும்னு அவனுக்குத் தெரியும்லா. ஒனக்குத் தெரியுமா? கேட்டிருந்தா சொல்லியிருப்பான். மாமாட்ட ஓடுத நேரத்துல ஓடையத் தாண்டி அவங்க தெருவுக்குப் போயிருந்தா, அவங்க ஆளுகளும் சேர்ந்து வந்திருப்பாக. நம்மளும் போகல, மாமாவும் போகல."

பிள்ளைகளின் மனசைப் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை.

போன வருஷம் எங்கள் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. 'கயிறு கட்டலைன்னா எந்த ஆளுன்னு கேக்காங்க. கட்டினாலும் அடிக்காங்க.' பெயரில்லை. கையெழுத்தை எனக்குத் தெரியும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவனை அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. நோட்டுத் திருத்துகிற சாக்கில் தனியாய்ப் பிடித்துக் கேட்டேன்: "இத நான் யார்ட்டக் கொண்டுபோகட்டும்? யாருக்குத் தெரியக் கூடாது?" அவன் சொன்ன முதல் பதில் நான் நினைத்தே பார்க்காதது. "எங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா ஸ்கூல விட்டு நிறுத்திரும்." இரண்டாவது: "ஸ்கூல்ல ஒண்ணும் இல்ல சார். பஸ் ஸ்டாப்புலதான்."

கேட்டிருக்காவிட்டால் நான் பள்ளிக்கூடத்துக்குள்தான் தேடியிருப்பேன். அவன் அம்மாவைத்தான் முதலில் வரச் சொல்லியிருப்பேன்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். தாளைக் காட்டவில்லை. எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் எல்லார் கையிலிருந்தும் கயிறுகளை அவிழ்க்க வைத்தோம், ஒருத்தனையும் தனியாய்க் குறிப்பிடாமல். எல்லாத் தெருப் பெற்றோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கூட்டம் போட்டோம். சாயந்தரம் மணி அடித்ததும் நானும் இன்னொரு ஆசிரியரும் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறோம். பஸ் வருகிறவரை சும்மா நின்று பேசிக்கொண்டிருப்போம். இதற்கு யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டு வாத்தியார் நிற்கிற இடத்தில் கை ஓங்கக் கொஞ்சம் யோசிப்பான், அவ்வளவுதான். தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் தினம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறான்.

இதையெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்காவிடம் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், அந்த ஏழாம் வகுப்பில் மாமாவிடம் ஓடும்போது இருந்த அதே பெருமை. அக்கா கடையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு கிளம்புற வரைக்கும் நிக்கியா?" என்றாள்.

"கிளம்புற வரைக்கும் நிப்போம்கா."

அவள் மிட்டாய் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள்.

"பஸ்ஸுக்குள்ள யாரு இருக்கா?"